ஏழு நண்பர்கள், ஒரு வாரம், கிரேக்கத் தீவில் ஒரு வில்லா: எந்தத் தீவு, எப்படித் திட்டமிடுவது?

வேப்பமரம் | மார்ச் 9, 2025

கோவையில் ஒரே விடுதியில் நான்கு வருடம் ஒன்றாகக் கிடந்த ஏழு பேர் நாங்கள். படிப்பு முடிந்து பிரிந்தது 2000இல். அதற்குப் பிறகு கல்யாணங்களில் இரண்டு பேர், மூன்று பேராகப் பார்த்துக்கொண்டதோடு சரி, ஏழு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இப்போது இருவர் சென்னை, ஒருவர் பெங்களூரு, இருவர் லண்டன், ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட், ஒருவர் சிங்கப்பூர். எல்லோருக்கும் நடுவில் ஓர் இடம் என்று பேசிப் பேசி கிரேக்கத் தீவில் வந்து நின்றிருக்கிறோம். வரும் செப்டம்பரில் ஏழு இரவுகள். ஊர் சுற்றுவது நோக்கமே இல்லை. ஒரு வில்லா எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, கடலில் குளித்து, பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முக்கால்வாசிப் பேர் சாண்டோரினி என்கிறார்கள். எனக்குத் தயக்கம். எங்களில் ஒருவனுக்குப் போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, படி ஏறச் சிரமப்படுவான். இரண்டு பேர் சைவம். இன்னொருவனுக்கு இந்த வருடம் வருமானம் சரியில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டான், ஆனால் எனக்குத் தெரியும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

படிக்கட்டு | மார்ச் 9

முழங்கால் என்று சொன்னீர்கள் இல்லையா, அதிலேயே பதில் வந்துவிட்டது. சாண்டோரினியில் படங்களில் பார்க்கும் அந்த வெள்ளை வீடுகள் எல்லாம் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பில், பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அங்கே ஓயா என்ற ஊரில் நாங்கள் தங்கிய இடத்துக்குத் தெருவிலிருந்து 90 படிக்கு மேல். ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறிப் பால் வாங்க மனசு வராது. அழகு என்னவோ உண்மைதான், அந்த நீலத்தைப் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அது இரண்டு நாள் பார்க்கிற அழகு. ஒரு வாரம் வீடு போல வாழ்வதற்கு வேறு தீவு பாருங்கள். போன மாதம் அங்கே தொடர்ந்து நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் தீவை விட்டு வெளியேறியதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். செப்டம்பருக்குள் நிலைமை அடங்கலாம், இருந்தாலும் அந்தக் கவலையோடு ஏன் போக வேண்டும்?

உப்புக்காற்று | மார்ச் 10

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். நாக்ஸோஸ் தீவுக்கு ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் மூன்று முறை தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கினேன். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு நாக்ஸோஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சிக்லடீஸ் தீவுக் கூட்டத்திலேயே அதுதான் பெரியது, 430 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரியது என்பதால் அங்கே ஊர் ஊராக இருக்கிறது. சுற்றுலாவை நம்பி மட்டும் வாழவில்லை, உருளைக்கிழங்கு போடுகிறார்கள், மாடு வளர்க்கிறார்கள், பாலாடைக்கட்டி செய்கிறார்கள். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு என்றால் கிரேக்கம் முழுக்கப் பேர். அதனால் கடைக்குப் போனால் தக்காளியும் கத்தரிக்காயும் அந்த மண்ணில் விளைந்ததாகக் கிடைக்கும். சமைத்துச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். தென்மேற்குக் கரையில் அயியோஸ் புரோகோப்பியோஸ், அயியா அன்னா, பிளாகா என்று மணல் கடற்கரை ஒன்றையொட்டி ஒன்றாக நீளும். பிளாகா மட்டுமே நான்கு கிலோமீட்டர். தரை சமம். உங்கள் நண்பர் வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு படிகூட ஏறாமல் நடந்து போகலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வருவது. வில்லா தேடும்போது எல்லோரும் வீட்டைப் பார்க்கிறார்கள். நீச்சல்குளம் எவ்வளவு நீளம், மொட்டைமாடியிலிருந்து கடல் தெரிகிறதா, படுக்கை எப்படி. நீங்கள் அந்த வீட்டின் வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். ரொட்டிக்கடை வருகிறதா? ஒரு சாப்பாட்டுக்கடை வருகிறதா? முதல் முறை நாங்கள் மலைச்சரிவில் தனியாக நின்ற ஒரு வீட்டை எடுத்தோம். கண்கொள்ளாக் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேர், ஒரு கார். ஒருத்திக்குக் காலையில் கடல், ஒருத்திக்குத் தூக்கம், ஒருத்திக்குக் காபி. எதற்கும் எல்லோரும் சேர்ந்து கிளம்ப வேண்டியிருந்தது, ஓட்டத் தெரிந்த ஒரே ஒருத்தி இரவு ஒரு வாய் ஒயின் குடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. அடுத்த முறை அயியா அன்னாவுக்குப் பின்னால் சாதாரணமான ஒரு வீடு எடுத்தோம். அவரவர் எழுந்தார்கள், அவரவர் நடந்தார்கள், மதியம் தானாக ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தோம். நண்பர்களோடு ஓய்வு என்பது அப்படித்தான் வாய்க்கிறது, பிரிந்து போக இடம் இருந்தால்தான் சேர்ந்து உட்காரவும் தோன்றுகிறது.

மலைப்பாதை | மார்ச் 10

உப்புக்காற்று அக்கா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிக்கு இல்லை. நாங்கள் எட்டுப் பேர் லெஃப்காதா என்ற இன்னொரு கிரேக்கத் தீவில் மலைமேல் ஒரு வீட்டில் ஒரு வாரம் இருந்தோம், பக்கத்தில் ஆடுகளைத் தவிர எதுவும் கிடையாது. எங்கள் வாழ்க்கையின் மிகச் சிறந்த வாரம் அது. கார் இரண்டு எடுத்தோம், ஓட்டுபவர்கள் நான்கு பேர். தனிமையில் தப்பில்லை, ஒரே கார் என்பதுதான் தப்பு. அந்த ராத்திரி அமைதியும் நட்சத்திரமும் கடற்கரை ஓரத்தில் கிடைக்காது.

நாக்ஸோஸ் போனால் ஸாஸ் மலை ஏறாமல் வராதீர்கள். சுமார் 1,000 மீட்டர், சிக்லடீஸில் இதுதான் உயரம். ஜீயஸ் குழந்தையாக வளர்ந்த குகை என்று சொல்லும் குகை வழியிலேயே இருக்கிறது. விடியும் முன் கிளம்ப வேண்டும், நிழல் கிடையாது.

நீச்சல்காரி | மார்ச் 11

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்று ஒரு காற்று நாள் கணக்கில் அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் குடை பறக்கும், மணல் கன்னத்தில் அறையும். செப்டம்பரில் குறையும், நின்றுவிடாது. நாக்ஸோஸில் மிக்ரி விக்லா என்ற முனையில் வடக்குப் பக்கம் பட்டம் கட்டிச் சறுக்குபவர்களால் கடலே வண்ணமயமாக இருக்கும், அதே முனையின் தெற்குப் பக்கம் போனால் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். ஆகவே எந்தக் கடற்கரை என்று முதல் நாளே முடிவு செய்யாதீர்கள், காலையில் எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். செப்டம்பரில் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர். மே மாதம் போனவர்கள் நடுங்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 11

பண விஷயம் நான் சொல்கிறேன், இதில்தான் நட்புகள் உரசுகின்றன.

வாடகை தவிர, கிரேக்க அரசு ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கட்டணம் வசூலிக்கிறது. பருவநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்க என்று 2024இல் கொண்டுவந்தார்கள், இந்த வருடம் ஏற்றிவிட்டார்கள். 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீடு என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவுக்கு 15 யூரோ. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. உங்களுக்கு ஏழு இரவுக்கு 105 யூரோ. பல வீடுகளில் சாவி வாங்கும்போது தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். விளம்பரத்தில் வீட்டின் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முறையாக வாடகைக்கு விடும் வீடு என்றால் இருக்கும்.

சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் நண்பர்கள் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், அதாவது இப்போதே. கோடையில் நேரம் கிடைக்காமல் அலைந்தவர்கள் நிறைய. இந்திய உரிமம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த வருமானம் குறைந்த நண்பர். நீங்கள் அவர் பங்கையும் போடலாம் என்று நினைப்பீர்கள், அது வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டு பங்கு, ஊரில் இருப்பவர்கள் ஒரு பங்கு என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். யூரோவில் சம்பாதிப்பவனும் ரூபாயில் சம்பாதிப்பவனும் ஒரே தொகை போடுவது நியாயம் அல்ல.

உப்புக்காற்று | மார்ச் 11

கணக்குப்பிள்ளை சார், விசா பற்றிச் சொன்னதெல்லாம் சரி. பங்கு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பணம் குறைவாகப் போட்டவர் ஒரு வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருப்பார். நல்ல அறை காலியாக இருந்தாலும் எடுக்க மாட்டார், பாத்திரம் தேய்க்க முதலில் எழுந்துவிடுவார். எங்கள் கூட்டத்தில் இது நடந்தது, அந்தத் தோழி அதற்குப் பிறகு எங்களோடு எங்கும் வரவில்லை.

நான் சொல்வது: யாரால் மிகக் குறைவாகக் கொடுக்க முடியுமோ அவர் பட்ஜெட்டுக்கு வீட்டைத் தேடுங்கள், பிறகு ஏழு பேரும் சம பங்கு போடுங்கள். குளம் வேண்டாம் என்றாலே வாடகை நன்றாக இறங்கும். கடல் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது குளம் எதற்கு? தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 கோடையில் நாக்ஸோஸின் பெரிய நீர்த்தேக்கம் வற்றிப்போனது. கிணறுகளில் கடல்நீர் புகுந்து, உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு விளைச்சல் படுத்துவிட்டது. மழையே குளிர்காலத்தில் மட்டும்தான். அப்படிப்பட்ட தீவில் ஏழு பேருக்கு ஒரு குளம் நிரப்பித் தருவதை நான் விரும்பவில்லை, உங்கள் விருப்பம்.

நீச்சல்காரி | மார்ச் 12

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் சரியில்லாதவருக்கு அலை இல்லாத தண்ணீர் நல்லது என்று நானும் சொல்ல நினைத்தேன். ஆனால் அயியா அன்னாவில் மணல் மெதுவாகச் சரிகிறது, நிறைய தூரம் இடுப்பளவுதான். கைப்பிடித்துக் கூட்டிப்போனால் போதும். சரி, குளம் வேண்டாம்.

தயிர்சாதம் | மார்ச் 12

சைவர்களுக்காக நான் வருகிறேன். கிரேக்கத்தில் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரத நாட்கள் அதிகம் என்பதால் இறைச்சியில்லாச் சமையல் அவர்களுக்குக் கைவந்த கலை. கடையில் 'லதேரா' என்று கேளுங்கள், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகை. வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய் எல்லாம் வரும். பெரிய மொச்சை போன்ற 'கிகாந்தேஸ்', மசித்த பருப்பான 'ஃபாவா', கொண்டைக்கடலைக் குழம்பு, அரிசி அடைத்த தக்காளி. இந்தத் தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'நிஸ்டீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு, பாலும் முட்டையும்கூட இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அவர்கள் கணக்கில் விரதத்துக்குச் சேர்த்தி, அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டியது: புளி, பெருங்காயம், கடுகு, மிளகாய்த்தூள், சின்ன குக்கர். வில்லா சமையலறையில் நல்ல கத்தி இருந்து நான் பார்த்ததே இல்லை.

வேப்பமரம் | மார்ச் 14

எல்லோருக்கும் நன்றி. உப்புக்காற்று அக்கா, பங்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு முறை எழுந்து நடந்தேன். நான் செய்ய இருந்ததே அதுதான், யாருக்கும் தெரியாமல் அவன் பங்கைப் போட்டுவிடலாம் என்று. அவன் பாத்திரம் தேய்க்க எழுந்து போவது கண்ணில் தெரிந்துவிட்டது.

நாக்ஸோஸ் முடிவு. செப்டம்பர் 6 முதல் 13 வரை. ஏதென்ஸிலிருந்து கப்பலா விமானமா?

உப்புக்காற்று | மார்ச் 14

கப்பல். நாக்ஸோஸ் விமான நிலையத்தில் சின்ன விமானங்கள்தான் இறங்கும், பெட்டி எடையில் கறார். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். வேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் காற்றில் குலுக்கும், வெளியே நிற்கவும் விட மாட்டார்கள். பெரிய கப்பலில் மேல்தளத்தில் ஏழு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் விடுமுறை அங்கேயே ஆரம்பித்துவிடும். இறங்கும்போது மட்டும் கவனம். ஊர் வரும் முன்பே கீழே கார் நிற்கும் தளத்துக்கு வந்து நிற்க வேண்டும், பலகை இறங்கியதும் சில நிமிடங்கள்தான், கப்பல் காத்திருக்காது. முழங்கால்காரரை முன்னாலேயே லிஃப்டில் அனுப்பிவிடுங்கள்.

திரும்பும்போது கப்பலும் விமானமும் ஒரே நாளில் வேண்டாம். காற்று கடுமையானால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விட மாட்டார்கள். ஒரு ராத்திரி ஏதென்ஸில் தங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

மலைப்பாதை | மார்ச் 15

கார் எடுப்பதாக இருந்தால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இப்போதே சொல்லி வையுங்கள், தீவில் பெரும்பாலும் கியர் வண்டிதான். நான்கு சக்கர பைக் எடுத்துச் சுற்றலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். மலை வளைவில் சரளைக்கல்லில் அது புரண்டதை நேரில் பார்த்தவன் நான்.

படிக்கட்டு | மார்ச் 15

சத்தம் பற்றி ஒன்று. கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரையும் இரவு 11க்கு மேலும் அமைதி காக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 25 வருடம் கழித்துச் சந்திக்கும் ஏழு பேர் மெதுவாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே போய் வணக்கம் சொல்லி வையுங்கள். அப்புறம் கழிப்பறையில் காகிதத்தைப் போடாதீர்கள், குழாய்கள் குறுகல், கூடையில்தான் போட வேண்டும்.

வேப்பமரம் | செப்டம்பர் 21, 2025

போய் வந்துவிட்டோம். மார்ச்சில் இங்கே எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று விமானத்திலேயே நினைத்துக்கொண்டு வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு அயியா அன்னாவிலிருந்து எட்டு நிமிட நடை. நான்கு படுக்கையறை, குளம் இல்லை, முன்னால் கல் பாவிய முற்றம், அதன் மேல் திராட்சைக் கொடி. ஒரு நீள மேசை. வாடகை சம பங்கு, அவனுக்கும் கட்டுப்படியானது. அறைகளுக்குச் சீட்டுக் குலுக்கினோம், முழங்கால்காரனுக்கு மட்டும் கீழ்த்தள அறை என்று முன்னாலேயே பேசிவிட்டோம். முதல் நாள் ஆளுக்கு 150 யூரோ ஒரு டப்பாவில் போட்டோம். ரொட்டி, காய்கறி, சாப்பாட்டுக்கடை, பெட்ரோல் எல்லாம் அதிலிருந்துதான். யாரும் ஒருமுறைகூடப் பர்ஸைத் தொடவில்லை, அது இவ்வளவு நிம்மதி தரும் என்று எனக்குத் தெரியாது.

கப்பலைப் பற்றி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு நடுவே பெட்டிகளோடு நிற்கிறோம், டீசல் வாடை, சங்கிலி உருளும் சத்தம், அந்தப் பெரிய பலகை மெதுவாகக் கீழே சரியச் சரிய முதலில் வெயில், பிறகு நீலம், பிறகு இடது பக்கம் சின்னத் திட்டின் மேல் போர்தாரா. கட்டி முடிக்காத அப்பல்லோ கோயிலின் வாசல் அது, கி.மு. 530 வாக்கில் ஆரம்பித்து நின்றுபோனது. பளிங்குக் கல்லில் நான்கு துண்டு, அவ்வளவுதான், கோயிலே இல்லை, வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. எங்களில் ஒருவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டான், பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்.

மறுநாள் 7ஆம் தேதி முழு சந்திர கிரகணம். தேதி குறிக்கும்போது எங்களுக்குத் தெரியாது. மேசையில் அத்தனையும் தயார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், வெள்ளரிக்காய், கிராவியேரா பாலாடைக்கட்டி. அப்போது பெங்களூருக்காரன் அவன் அம்மாவிடமிருந்து வந்த செய்தியைக் காட்டினான், கிரகணம் விடும்வரை சாப்பிடாதே என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யார் முதலில் என்று தெரியாது, ஒருவன் தட்டை மூடினான், எல்லோரும் மூடினோம். கிழக்கே மலைக்குப் பின்னாலிருந்து நிலா வந்தபோதே ஒரு பக்கம் கடித்ததுபோல இருந்தது. எட்டரைக்கு முழுதும் மறைந்து செம்பு நிறமானது, பத்துக்குச் சற்று முன்னால்தான் ஓரத்தில் வெளிச்சம் திரும்பியது. மனைவியைக் கூப்பிட்டேன், சென்னையில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, அவளும் மொட்டைமாடியில் நின்று அதே நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை மேசையில் வைத்து எல்லோரும் அவளோடு பேசினார்கள். கிரகணம் முழுதாக விட்டபோது பதினொன்று ஆகிவிட்டது. ரசத்தைச் சுடவைத்து அதற்குப் பிறகு சாப்பிட்டோம். அந்த உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போய்த்தான் இருந்தது, ஆனாலும் நான் சாப்பிட்டதிலேயே ருசியான வறுவல் அதுதான். அந்த மண்ணின் உருளைக்கிழங்கில் ஒரு மாவுத் தன்மையும் லேசான இனிப்பும் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஏழு பேர் குளியல், இருமுறை துணி துவைத்தோம், தொட்டி காலி. வீட்டுக்காரம்மா லாரித் தண்ணீர் கொண்டுவர மாலை ஆகிவிட்டது. அவர் கோபப்படவில்லை, தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்க்கச் சொல்லி எவ்வளவு ஆழம் என்று காட்டினார். அதற்குப் பிறகு கடலிலிருந்து வந்தால் முற்றத்துக் குழாயில் ஒரு வாளியோடு முடித்துக்கொண்டோம். இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, சிங்கப்பூர் நண்பன் காலை முழுக்க மடிக்கணினியோடு அலுவலக வேலை பார்த்தான். இரண்டு நாள் பொறுத்தோம், மூன்றாம் நாள் ஒருவன் வெடித்துவிட்டான், வார்த்தை தடித்தது. அவன் விடுப்பே கிடைக்காமல்தான் வந்திருக்கிறான், சொன்னால் பயணமே நின்றுவிடும் என்று மறைத்திருக்கிறான். அதைக் கேட்ட பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. காலை பதினொன்றுவரை அவனைத் தொந்தரவு செய்வதில்லை, அதற்குப் பிறகு கணினியைத் திறப்பதில்லை என்று பேசி வைத்தோம். இந்த மாதிரி விஷயத்தைக் கிளம்பும் முன்பே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். நாங்கள் பணத்தைப் பேசினோம், அறையைப் பேசினோம், இதைப் பேசவில்லை.

10, 11 தேதிகளில் காற்று. பக்கத்துச் சின்னத் தீவுகளான குஃபோனிசியாவுக்கு ஒரு நாள் படகில் போவதாக இருந்தோம், ரத்து செய்துவிட்டார்கள். எங்கும் போகவில்லை. மரக்கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பழைய விடுதிக் கதை பேசினோம். வெளியே கொடி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. வருமானம் குறைந்தவன் என்று எழுதினேனே, அவன்தான் அன்று அதிகம் பேசினான். தொழிலில் என்ன நடந்தது என்று அவனாகவே சொன்னான், ஒன்றரை மணி நேரம். லண்டன்காரர்களில் ஒருவன் அதே வழியில் நான்கு வருடம் முன்னால் போய் வந்தவன் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

நீச்சல்காரி | செப்டம்பர் 21

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யத் தோன்றவில்லை. முழங்கால்காரர் கடலில் இறங்கினாரா?

வேப்பமரம் | செப்டம்பர் 21

தினமும் இரண்டு வேளை! முதல் நாள் இருபக்கமும் ஆள் பிடித்துக் கூட்டிப்போனோம். நான்காம் நாள் காலை நாங்கள் எழும் முன்பே தனியாக நடந்து போய்க் குளித்துவிட்டு, கையில் சூடான ரொட்டியோடு வந்து நின்றான்.

மலைப்பாதை | செப்டம்பர் 22

ஸாஸ் ஏறினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

வேப்பமரம் | செப்டம்பர் 22

மூன்று பேர் மட்டும் ஏறினோம், ஃபிலோத்தி ஊர்ப் பக்கத்திலிருந்து. நீங்கள் சொன்ன மாதிரி இருட்டோடு கிளம்பினோம். மேலே போனதும் சுற்றிலும் தீவுகள், எண்ணிக்கொண்டே வந்தோம், மங்கலாகத் தெரிந்ததில் எண்ணிக்கை விட்டுப்போனது. இறங்கி வரும் வழியில் ஹல்கியில் நிறுத்தி, கித்ரோன் வாங்கினோம். கிடாரங்காய் போன்ற ஒரு மரத்தின் இலையிலிருந்து வடிக்கும் மது, 1896லிருந்து அந்த ஊரில் வடிக்கிறார்கள். எனக்கு நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்தது போல இருந்தது. அபிரந்தோஸ் போக நேரமில்லை. தெருவெல்லாம் பளிங்கு பாவிய ஊர் என்றார்கள், விட்டுவிட்டோம்.

தயிர்சாதம் | செப்டம்பர் 22

குக்கர் கொண்டுபோனீர்களா?

வேப்பமரம் | செப்டம்பர் 22

ஃபிராங்க்ஃபர்ட்காரன் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் நல்ல கத்தி ஒன்றும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். வீட்டில் இருந்த கத்தி தக்காளியை நசுக்கத்தான் லாயக்கு, நீங்கள் சொன்னது சரி. முதல் விசில் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். கூப்பிட்டு உட்கார வைத்துப் பருப்புச் சாதம் கொடுத்தோம். மறுநாள் அவர் ஒரு பை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

உப்புக்காற்று | செப்டம்பர் 23

வேப்பமரம், இரண்டு நாளாக உங்கள் பதிவைத் தோழிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி விஷயம் நான் சொல்லியிருக்க வேண்டும், குளத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவள் வீட்டுத் தொட்டியை மறந்துவிட்டேன். அடுத்து போகிறவர்களுக்கு இங்கேயே எழுதி வைக்கிறேன்: சாவி வாங்கும்போது தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரம்பும் என்று கேளுங்கள்.

எங்களோடு வராமல் போன அந்தத் தோழிக்கும் அனுப்பினேன். இன்று காலை, அந்த வீட்டின் வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதியிருக்கிறாள். தனிச்செய்தியில் விவரம் அனுப்ப முடியுமா? ஜூன் முதல் வாரம், நான்கு பேர்.

வேப்பமரம் | செப்டம்பர் 23

அனுப்பிவிட்டேன் அக்கா. நான்கு பேர் என்றால் கீழ்த்தள அறையையும் மாடியில் கிழக்குப் பக்க அறையையும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டிலும் மதிய வெயில் இறங்கும்.